ஜேசிபி பொம்மையும் பிரிச்சுப் போடுற புத்தியும்

முதல்லயே சொல்லிடறேன், இது பொம்மை பத்தின பதிவு. லெகோ கட்டைகளை வெச்சு, உள்ள மோட்டார் சொருகி, மண் தோண்டுற ஜேசிபி, பொக்லைன், புல்டோசர் எல்லாம் கட்டுறது பத்தி. "ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல இதானா வேலை?"ன்னு கேக்குறவங்க இப்பவே கழண்டுக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

உக்காந்து படிக்கிறவங்களுக்கு என் கட்சியையும் முதல்லயே சொல்லிடறேன். இந்த மாதிரி மாடல்ல கட்டுறது பெரிய விஷயமே இல்ல. கட்டினதைப் பிரிச்சுப் போட்டு, ஏன் சரியா வேலை செய்யலைன்னு பாத்து, திரும்பக் கட்டுறதுதான் விஷயம். நம்ம பள்ளிக்கூடமும் இஞ்சினியரிங் காலேஜும் இந்த ரெண்டாவது பாதியைச் சொல்லித் தர்றதே இல்ல. வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பசங்களுக்கு இதைக் கொண்டு போகணும்ங்கறது என் ஆசை. அதுக்கு என்ன நியாயம், என்ன தடைன்னு பாப்போம்.

மூணு கம்பெனி, மூணு தமிழ் வார்த்தை

எங்க கொம்யூன்ல மூணு வயசுக் குழந்தைக்கு அ, ஆ தெரியுமோ இல்லையோ, ஜேசிபி தெரியும். கிராமத்துல எந்த மூலையில பள்ளம் தோண்டினாலும் சுத்தி பத்து பேர் நின்னு வேடிக்கை பாப்பாங்க. 2019-ல 'ஜேசிபி கி குதாய்'னு இணையம் முழுக்க கும்மி அடிச்சாங்க இல்ல, வேலைவெட்டி இல்லாதவங்க ஜேசிபி தோண்டுறதை வேடிக்கை பாக்குறாங்கன்னு கிண்டல்? எனக்கு அதுல கிண்டலே தெரியலை. ஏழரை டன்னுக்குப் பக்கத்துல எடை இருக்கிற ஒரு மிஷின், கை மாதிரி மடங்கி நீண்டு மண்ணை அள்ளினா, மனுஷன் பாக்கத்தான் செய்வான்.

வேடிக்கை என்னன்னா, இந்த மிஷின்களுக்கு நாம வெச்சிருக்கிற பேர் எல்லாமே கம்பெனிப் பேர்தான். ஜேசிபின்னா ஜோசப் சிரில் பாம்ஃபோர்டுங்கற இங்கிலாந்துக்காரர் 1945-ல ஆரம்பிச்ச கம்பெனி. முன்னாடி அகலமான பக்கெட், பின்னாடி தோண்டுற கைன்னு இன்னிக்கு நாம பாக்குற அமைப்பை அவங்க 1953-ல கொண்டு வந்தாங்க. இந்தியாவுக்கு 1979-ல எஸ்கார்ட்ஸோட கூட்டு சேர்ந்து வந்தாங்க, 2003-ல முழுசா அவங்க கைக்கே போச்சு. செயின்ல நகர்ற, முழு உடம்போட சுத்துற மிஷினை நம்ம பேப்பர்ல எல்லாம் 'பொக்லைன்'னு எழுதுறோம். அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியோட பேர். எல் அண்ட் டி அவங்க தொழில்நுட்பத்தோட இங்க மிஷின் செஞ்சதால பேர் ஒட்டிக்கிச்சு. பிரெஞ்சுக்காரன் 1954 நவம்பர்ல பாண்டிச்சேரியை ஒப்படைச்சுட்டுப் போனான். பொக்லைனா திரும்பி வந்து ஏரி வாய்க்கால் எல்லாம் தோண்டிக்கிட்டு இருக்கான் பாருங்க, ஹி ஹி. இன்னும் சில ஊர்ல அதையே 'ஹிட்டாச்சி'ன்னு சொல்வாங்க. அது ஜப்பான் கம்பெனி, டாடாவோட கூட்டு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, மிஷினோட பேர் நம்ம வாயில பழகிடுச்சு, அது எப்படி வேலை செய்யுதுங்கறது பழகலை. பூம் தூக்குறப்போ உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு மூணாம் வருசம் மெக்கானிக்கல் பையன்கிட்ட கேட்டுப் பாருங்க. 'ஹைட்ராலிக்ஸ்'னு ஒத்தை வார்த்தை வரும். அடுத்த கேள்வி கேட்டா மேல பாப்பான்.

கொஞ்சம் வரலாறு

லெகோ கட்டையோட காப்புரிமை 1958-ம் வருசத்து சமாச்சாரம். பல்சக்கரம், அச்சு, ஓட்டை போட்ட கட்டைன்னு டெக்னிக் வரிசை ஆரம்பிச்சது 1977-ல. 1989-ல 8862-ங்கற எண்ணுல ஒரு ஜேசிபி மாதிரி வண்டி விட்டாங்க. காத்தழுத்தத்துல பூம் ஏறி இறங்கும், பம்பைக் கையால அமுக்கணும். 2007-ல பவர் ஃபங்ஷன்ஸ்னு புது மோட்டார் வரிசை. அதோட வந்த 8275 புல்டோசர்ல நாலு மோட்டார், ரிமோட்டும் உண்டு. 2008-ல லீனியர் ஆக்சுவேட்டர்னு ஒரு பாகம் வந்துச்சு. பாக்க ஹைட்ராலிக் சிலிண்டர் மாதிரியே இருக்கும், உள்ள இருக்கிறது திருகுதான். 2010-ல 8043 எக்ஸ்கவேட்டர். 2016-ல 42055, 3929 பாகம், பெரிய சக்கரத்துல வரிசையா பக்கெட் மாட்டின சுரங்க மிஷின்.

அந்தக் கடைசி மிஷினைப் பாக்க ஜெர்மனி போக வேணாம். நம்ம பாகூர்ல இருந்து பஸ் ஏறினா நெய்வேலி. 1956-ல ஆரம்பிச்ச நிலக்கரி நிறுவனத்தோட திறந்தவெளிச் சுரங்கத்துல இதோட நிஜ அண்ணன்கள் பல வருசமா பழுப்பு நிலக்கரி மேல இருக்கிற மண்ணை அள்ளிக்கிட்டு இருக்காங்க. 1400 லிட்டர்னு சொல்ற ரகத்துல ஒரு பக்கெட்டே கிட்டத்தட்ட ஒண்ணரை கன மீட்டர் பிடிக்கும். அந்தக் கரண்ட்ல ஓடுற மிக்சியில சட்னி அரைக்கிற நாம, அதை எடுக்குற மிஷின் எப்படி ஓடுதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

நிற்க. இனி விஷயத்துக்கு வர்றேன்.

பிரிச்சுக் கட்டுறதுல என்ன இருக்கு?

பெட்டியில வர்ற புஸ்தகத்தைப் பாத்து ஒவ்வொரு பக்கமா கட்டினா பொம்மை ரெடி. அழகா இருக்கும், அலமாரியில வைக்கலாம். கத்துக்கிட்டது என்னன்னு கேட்டா, ரொம்பக் கொஞ்சம். புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு 'நம்ம ஊர் ஜேசிபி மாதிரி ஒண்ணு'ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அப்பதான் ஒவ்வொண்ணா உடைய ஆரம்பிக்கும். நாலு உதாரணம் மட்டும்.

ஒண்ணு, அச்சு முறுக்கிக்கிறது. மோட்டாரை கேபினுக்கு அடியில வெச்சுட்டு, பின் பக்கெட் வரைக்கும் நீளமான அச்சுல சுழற்சியைக் கொண்டு போறோம்னு வைங்க. லெகோவுல ஓட்டைக்கு ஓட்டை 8 மில்லிமீட்டர், அதனால 12 அளவு அச்சுன்னா 96 மில்லிமீட்டர். வேகம் அதிகமா இருக்கேன்னு மோட்டார் பக்கத்துலயே 8 பல், 24 பல் சக்கரங்களை ரெண்டு ஜோடி போட்டு ஒன்பதுல ஒரு பங்கா குறைச்சோம்னா, உரசலைத் தள்ளிட்டுப் பாத்தா, அந்த அச்சு மோட்டாரோட முறுக்கு விசையைப் போல ஒன்பது மடங்கு தாங்கணும். பிளாஸ்டிக் அச்சு முறுக்கு புழியற மாதிரி முறுக்கிக்கும். மோட்டார் சுத்துது, பக்கெட் அசையாது, திடீர்னு ஒரு துள்ளு துள்ளும். இதுக்குத் தீர்வு பலமான அச்சு வாங்குறது இல்ல. அதே நாலு சக்கரத்தையும் அச்சோட அந்தக் கோடியில, பக்கெட் பக்கத்துல கொண்டு போய் வெச்சா போதும். இப்ப அச்சு வேகமா சுத்தும், ஆனா லேசா சுத்தும். குறைக்கிறதும் விசையைக் கூட்டுறதும் கடைசியில நடக்கும்.

நிஜ பொக்லைன்லயும் இதேதான். செயினை இழுக்குற பல்சக்கரத்துக்குப் பக்கத்துலயே வேகக் குறைப்பு கியர் உக்காந்திருக்கும். அவ்வளவு ஏன், நெய்வேலி கரண்ட்டை அதிக வோல்ட்டேஜ்ல அனுப்பி, நம்ம தெரு டிரான்ஸ்ஃபார்மர்ல கடைசியா இறக்குறதும் இதே யோசனைதான். கம்பி தாங்கணும் இல்ல? நான் இஞ்சினியரிங் படிச்ச நாலு வருசத்துல கியர் விகிதக் கணக்கு நூறு போட்டிருப்பேன். கியரை எங்க வைக்கணும்னு ஒரு கேள்வி கூட வந்ததில்ல.

ரெண்டு, பூம் தானா இறங்குறது. சாதா சக்கரம் வெச்சு பூமைத் தூக்கினா, மோட்டாரை நிறுத்தின உடனே அது தன் எடையில மெதுவா கீழ வந்துடும். இதுக்கு புழு கியர் போடணும். திருகு மாதிரி இருக்கும், ஒரு சுத்துக்கு ஒரு பல் மட்டும் நகரும். புழு சக்கரத்தைச் சுத்தும், சக்கரத்தால புழுவைச் சுத்த முடியாது. புரியலைன்னா பாகூர் ஏரியோ ஊசுட்டேரியோ போய், திருகு வெச்சுத் தூக்குற மதகு ஷட்டரைப் பாருங்க. கைப்பிடியை எங்க விட்டாங்களோ அங்கயே நிக்கும், தண்ணி எவ்வளவு தள்ளினாலும் இறங்காது. அதே கதைதான். ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. கணிசமான சக்தி உரசல்லயே போயிடும். நிஜ ஜேசிபியில வால்வை மூடினா எண்ணெய் போக வழி இல்லாம பூம் நின்னுடும். ரெண்டும் ஒரே பிரச்னைக்கு ரெண்டு பதில். எதுல என்ன லாபம், என்ன நஷ்டம்னு யோசிக்க ஆரம்பிச்சா அவன் பாதி இஞ்சினியர்.

மூணு, குப்புற விழறது. பின் கையை முழுசா நீட்டி பக்கெட்டை நிரப்பினா, வண்டி முன்பக்கம் தூக்கிக்கும். நிஜ வண்டியில பின்னாடி ரெண்டு காலை இறக்கி ஊனிக்கிட்டுத்தான் தோண்ட ஆரம்பிப்பாங்க. இது ஏன்னு நமக்குப் பல நாள் தோணினதே இல்ல. மாடல் குப்புற விழும்போது தோணும். அப்பறம் ஆறு பேட்டரி இருக்கிற பெட்டியைத் தூக்கி முன்னாடி வைப்போம், கால் ரெண்டையும் இன்னும் அகட்டி வைப்போம். எடை எவ்வளவுங்கறதை விட எடை எங்கங்கறதுதான் முக்கியம்னு கை சொல்லும். பாடப் புஸ்தகம் இதை 'திருப்புத்திறன்'னு ஒரு வார்த்தையில முடிச்சுடும்.

நாலு, ஒண்ணொண்ணா அசையறது. நல்ல ஆபரேட்டர் வேலை செய்யறதைக் கவனிச்சுப் பாருங்க. பூம், கை, பக்கெட் மூணும் ஒரே நேரத்துல, ஒவ்வொண்ணும் வேற வேற வேகத்துல அசையும். பக்கெட்டோட பல் தரையில நேர் கோடு போடும். மாடல்ல பழைய சாதா ரிமோட்டுன்னா முழு வேகம், இல்லாட்டி நிறுத்தம், நடுவுல ஒண்ணுமே கிடையாது. வேகத்தைப் படிப்படியா மாத்துற ரிமோட் தனியா வாங்கணும். போதாக்குறைக்கு அது அகச்சிவப்புக் கதிர்ல வேலை செய்யுற ரிமோட். ரூமுக்குள்ள ஜோரா ஓடுறது, சித்திரை வெயில்ல மொட்டை மாடிக்குக் கொண்டு போனா காது கேக்காத மாதிரி நிக்கும். சூரியன் அந்தக் கதிரை இலவசமா கொட்டுறதால ரிசீவருக்கு நம்ம சிக்னல் தெரியாது. இந்த மூணு மோட்டாரையும் ஒண்ணா அசைச்சு, பக்கெட்டை ஒரு சாண் நேரா இழுத்துப் பாருங்க. அன்னிலேர்ந்து எந்த ஜேசிபி அண்ணனைப் பாத்தாலும் தன்னால மரியாதை வரும். 'பத்தாவது ஃபெயிலு, வண்டி ஓட்டுறான்'னு இளக்காரமா சொல்ற வாய் மூடிக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

மாடலை இருபதுல ஒரு பங்கு அளவுல கட்டுறோம்னு வைங்க. நீளம் 20 மடங்கு குறையும், பரப்பு 400 மடங்கு, கொள்ளளவும் எடையும் 8000 மடங்கு. ஏழரை டன் வண்டி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா வரும். நிஜத்துல பின் பக்கெட் சுமார் கால் கன மீட்டர், அதாவது 250 லிட்டர் அள்ளும். மாடல்ல அது முப்பது மில்லி சொச்சம். குழந்தைக்கு மருந்து ஊத்துற மூடி மூணு மூடி.

எடை 8000 மடங்கு குறைஞ்சுது, ஆனா அதைத் தாங்குற குறுக்குவெட்டு 400 மடங்குதான் குறைஞ்சிருக்கு. அதனாலதான் எஃகு செய்யுற வேலையைச் சின்ன அளவுல பிளாஸ்டிக் செஞ்சுடுது. கலிலியோ 1638-ல எழுதின புஸ்தகத்துல இருக்கிற விஷயம் இது. எறும்பு தன் எடையைப் போல பல மடங்கு தூக்குறதும் இதே கணக்குதான். எட்டாவது படிக்கிற பையனுக்கு இதைக் கரும்பலகையில சொல்லிப் பாருங்க, கொட்டாவி விடுவான். அவன் கட்டின வண்டியோட மருந்து மூடி பக்கெட்டைக் காட்டிச் சொல்லுங்க, அப்பறம் அவனே எறும்பைத் தேடிப் போவான்.

சிரிஞ்ச் மாடல் இருக்கேப்பா?

இருக்கு. நம்ம அரசுப் பள்ளி அறிவியல் கண்காட்சியில அட்டை, ஊசி போடுற சிரிஞ்ச், சலைன் டியூப், கலர் தண்ணி வெச்சு ஒரு ஜேசிபி கட்டாயம் இருக்கும். செலவும் கம்மி. உண்மையைச் சொல்லணும்னா, பாஸ்கல் விதியை லெகோவை விட அது நல்லாவே சொல்லித் தரும். சின்ன சிரிஞ்ச்சை அமுக்கினா பெரிய சிரிஞ்ச் மெதுவா ஆனா பலமா நகரும். நிஜ வண்டியோட உயிர்நாடியே அதுதான். அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

என் சண்டை அதுக்கப்பறம் நடக்குற கதையோடதான். ஃபெவிகால் போட்டு ஒட்டியாச்சு, கண்காட்சி முடிஞ்சாச்சு, பரிசு வந்தாச்சு. அது பீரோ மேல ஏறிடும். கை நீளம் தப்புன்னு பையனுக்குத் தோணினாலும் திருத்த முடியாது, கிழிச்சுட்டுப் புதுசா வெட்டணும். வில்லியனூர் சுடுமண் சிற்பம் புவிசார் குறியீடு வாங்கின பெருமைக்குரிய சமாச்சாரம் இல்லையா? அதுல ஒரு நியதி உண்டு. சூளையில வைக்கிற வரைக்கும் மண்ணை எத்தனை தடவை வேணா பிசைஞ்சு மாத்தலாம், சுட்டுட்டா அவ்வளவுதான். அட்டை மாடல் சுட்ட மண் மாதிரி. கட்டை மாடலை எத்தனை வருசம் கழிச்சும் பிசையலாம்.

பள்ளிக்கூடத்துல ஒட்டினதுதான் காலேஜ்லயும் தொடருது. கடைசி வருசப் பிராஜக்ட்டைக் காசு கொடுத்து வாங்குற கடைங்க இருக்கிறது ஊருக்கே தெரியும். ரிப்போர்ட்டு, பைண்டிங், டெமோ எல்லாம் சேத்து ஒரே ரேட்டு. அதுல கஷ்டம் என்னன்னா, வாங்கினது வேலை செஞ்சா ஏன் செய்யுதுன்னும் தெரியாது, நின்னு போனா ஏன் நின்னுச்சுன்னும் தெரியாது. அப்படி வந்த பசங்க சில பேரோட வேலை செஞ்சிருக்கேன். புத்திசாலிங்கதான். ஆனா எழுதின புரோகிராம்ல ஒரு வரியைத் தொட பயப்படுவாங்க. "ஓடுதுல்ல, விட்டுடலாம் சார்" அப்படிம்பாங்க. ஓடுறதைப் பிரிச்சு இன்னும் நல்லா ஓட வைக்கலாம்னு ஒரு தைரியம் வேணும். அது சின்ன வயசுல கையில வரணும், ட்ரெயினிங் ரூம்ல ஸ்லைடு போட்டு வராது.

இதுல பெரிய கம்பெனியும் விலக்கு இல்ல. 8043 வந்த புதுசுல அந்த லீனியர் ஆக்சுவேட்டர் சுமை தாங்காம திணறுதுன்னு வாங்கினவங்க புகார் சொன்னாங்க. லெகோ கம்பெனி திருத்தின பாகத்தைச் செஞ்சு மாத்திக் கொடுத்துச்சு. அவங்களே பிரிச்சுக் கட்டுறாங்க, நமக்கென்ன வெக்கம்?

காசு, காசு, காசு

இப்ப கஷ்டமான கேள்வி. 2019-ல வந்த லீப்ஹெர் பொக்லைன், செட் எண் 42100, 4108 பாகம், 7 மோட்டார். வந்தப்போ அமெரிக்காவுல அதோட விலை 450 டாலரா இருந்துச்சு. நம்ம நாட்டுல பொம்மைக்கு இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆக்கினாங்க, 2023-ல அது 70 ஆச்சு. 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் முத்திரை இல்லாம பொம்மை விக்கக் கூடாதுன்னும் சட்டம். உள்ளூர்த் தொழில் வளரணும்ங்கற நோக்கம் எனக்குப் புரியுது, மட்டமான பிளாஸ்டிக் வராம தடுத்தது நல்லதுதான். ஆனா பல்சக்கரத்தையும் மோட்டாரையும் கிலுகிலுப்பையோட ஒரே கணக்குல சேத்தா, கடைசியில யார் வாங்க முடியும்? நகரத்துல பணம் இருக்கிற வீட்டுப் பையன் மட்டும்தான். ஜேசிபியைத் தினம் பாக்குற பாகூர்ப் பையனுக்கு அது யூட்யூப் வீடியோதான்.

அந்த 42100-ல எனக்கு இன்னொரு சண்டையும் உண்டு. அதை ஓட்டவே செல்போன் ஆப் வேணும். பொட்டி தட்டுற தொழில்ல இருக்கிறவன் சொல்றேன், ஆப்பை நம்பிப் பொம்மை வாங்காதீங்க. பல்சக்கரம் அம்பது வருசம் சுத்தும், ஆப் அத்தனை வருசம் வராது. லெகோவோட மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ வரிசையே 1998-ல ஆரம்பிச்சு 2022-ல முடிஞ்சு போச்சு. பள்ளிக்கூடத்துக்கு வாங்குறதா இருந்தா ஒரு பேட்டரிப் பெட்டி, ஒரு ஸ்விட்ச், முன்னாடி பின்னாடி சுத்துற மோட்டார் போதும்.

லெகோதான் வேணும்னு நான் சொல்லவே இல்ல. கட்டை காப்புரிமை எப்பவோ காலாவதி. அந்த வடிவத்தை வேற கம்பெனி செய்யலாம்னு 2005-ல கனடா உச்ச நீதிமன்றமே லெகோவுக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு. செட்டோட டிசைனையும் பெட்டி அட்டையையும் அப்படியே திருடறதுதான் குற்றம். அதுவும் வேணாம்னா, நம்ம ஊர் மெக்கானிக்ஸ் இரும்புத் தகடு, நட்டு, போல்ட் இருக்கே. 1901-ல ஃபிராங்க் ஹார்ன்பி ஆரம்பிச்ச மெக்கானோ வழியில வந்தது. கை கொஞ்சம் வலிக்கும், ஸ்பேனரைத் தேடி அலையணும், ஆனா பிரிக்கலாம். பிரிக்க முடியணும், அது ஒண்ணுதான் என் நிபந்தனை.

ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கச் சொல்லலை. ஒரு பள்ளிக்கு ஒரு பெட்டி. நாலு மோட்டார், ரெண்டு பேட்டரிப் பெட்டி, 8 பல்லுல இருந்து 40 பல் வரைக்கும் சக்கரம், கொஞ்சம் புழு கியர், ரெண்டு சுழல் தட்டு, நீளமும் குட்டையுமா ஆயிரம் கட்டை. அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு மத்திய அரசு 2016-ல இருந்து ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரைக்கும் கொடுக்குது. இன்னும் 50,000 ஆய்வகம், அரசுப் பள்ளிகள்ல, அஞ்சு வருசத்துலன்னு 2025 பட்ஜெட்ல சொல்லியிருக்காங்க. அந்தக் காசுல இந்தப் பெட்டி ஒரு ஓரத்துக்குக் கூட வராது. நான் போய்ப் பாத்த ஒரு ஆய்வகத்துல முப்பரிமாண பிரிண்டர் மேல பிளாஸ்டிக் கவர் போட்டு, கதவைப் பூட்டி வெச்சிருந்தாங்க. உடைஞ்சா யார் பதில் சொல்றதுன்னு பயம், அது நியாயமான பயம்தான். கட்டைக்கு அந்தப் பயம் இல்ல. கீழ போட்டாலும் பொறுக்கிக்கலாம்.

போட்டியும் வைக்கலாம். ஆனா அழகான மாடலுக்குப் பரிசு கிடையாது. ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டு வெச்சிக்கணும்: இன்னிக்கு என்ன மாத்தினோம், ஏன் மாத்தினோம், என்ன ஆச்சு. முதல் தடவை கட்டினதுக்கும் அஞ்சாவது தடவை கட்டினதுக்கும் நடுவுல எவ்வளவு முன்னேற்றமோ அதுக்குத்தான் மார்க்கு. அப்படி வெச்சா அப்பா கட்டிக் கொடுத்த மாடல் ஜெயிக்காது, கடையில வாங்கினதும் ஜெயிக்காது.

ஏரியை நோண்டுற மிஷினைக் கொண்டாடறியா?

இதைக் கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லியே ஆகணும், ஏன்னா கேள்வி நியாயமானது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையில இருந்து தண்ணி கொண்டு வர்ற பங்காரு வாய்க்கால் மம்முட்டியும் கூடையும் பிடிச்ச கைங்க வெட்டினது. அந்தக் கைங்களோட வேலையை இந்த மஞ்ச மிஷின் எடுத்துக்கிச்சு. தூர்வாரவும் இதுதான், ராத்திரியோட ராத்திரியா ஆத்து மணலை அள்ளவும் இதுதான்.

ஆனா மிஷினைப் புரிஞ்சுக்காம இருக்கிறதால ஏரி பிழைக்கப் போறதில்ல. மணல் ஒரு யூனிட்னா 100 கன அடி, ஏறக்குறைய 2.83 கன மீட்டர். கால் கன மீட்டர் பக்கெட்ல பதினோரு அள்ளு. இந்தக் கணக்கு கையில இருந்தா, ஒரு மணி நேரத்துல எத்தனை அள்ளு, எத்தனை லோடுன்னு கரையில நிக்கிற பத்தாவது பையனே சொல்லுவான். தூர்வாரினதா சொல்ற அளவும் அள்ளினதா தெரியுற அளவும் ஒத்துப் போகுதான்னு கேப்பான். பக்கெட் அளவு தெரிஞ்ச ஊரை ஏமாத்துறது கஷ்டம். சும்மா வேடிக்கை பாக்குற ஊரை ஏமாத்துறது ரொம்ப ஈஸி. வேடிக்கை பாக்குற அந்தப் பத்து பேர்ல ரெண்டு பேராவது கணக்குப் போடுறவங்களா மாறணும்ங்கறதுதான் என் பேராசை.

அதனால, உங்க வீட்டுப் பசங்களோ, பக்கத்து வீட்டுப் பசங்களோ கட்டையில ஒரு வண்டி கட்டிக்கிட்டு வந்து காட்டினா, "சூப்பர்டா கண்ணு"ன்னு சொல்லி அலமாரியில வைக்காதீங்க. "இதுல எது சரியா வேலை செய்யலை?"ன்னு கேளுங்க. அவன் யோசிச்சு ஒண்ணைக் காட்டுவான். "அப்ப பிரிச்சுடலாமா?"ன்னு கேட்டுட்டு, கூட உக்காருங்க.

டிஸ்கி: மேல சொன்ன எந்தக் கம்பெனியும் எனக்குப் பத்து பைசா கொடுக்கலை. கொடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா காசா வேணாம், 24 பல் சக்கரமா கொடுங்க, அது எப்பவும் பத்தலை :-)